தூக்கத்துக்காக அமுக்கராவை எடுத்துப் பார்ப்பதென்றால்

எனக்குப் பிழைதிருத்தும் வேலை. ஒற்று விட்டுப்போயிருக்கிறதா, எண் மாறியிருக்கிறதா என்று பார்த்தே பிழைப்பு நடக்கிறது. தூக்கமின்மை எனக்குப் பல ஆண்டுப் பழக்கம்: படுத்தால் எளிதில் கண் அயராது, அயர்ந்தாலும் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். கேட்காமலே மருந்து சொல்பவர்கள் இந்த ஆண்டுகளில் எனக்குச் சொல்லாத வேர் இல்லை, இலை இல்லை. அவர்களில் யாரிடமாவது “அது வேலை செய்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டால் முகம் மாறிவிடும்.

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும் விதத்தில் ஒரு மருந்தை எடுத்துப் பார்ப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் எடுத்தது அமுக்கரா, அதாவது அசுவகந்தா. வேறு எதை எடுத்தாலும் முறை ஏறக்குறைய இதுதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வாரத்துக்கு மூன்று இரவாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதமாவது நீடித்து, பகல் வேலையையும் பாதித்தால்தான் மருத்துவர்கள் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். பரீட்சைக்கு முந்தைய வாரமோ வீடு மாறிய மாதமோ அந்தக் கணக்கில் வராது. அது பெரும்பாலும் தானாகவே சரியாகும். நாள்பட்டது என்றால் அதற்கு அடியில் வேறு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலமாகக் குறட்டை விட்டு, நடுநடுவே மூச்சு நின்று திணறுகிறீர்கள் என்று பக்கத்தில் படுப்பவர் சொல்கிறாரா? படுத்ததும் கால்களில் ஒரு குறுகுறுப்பு எழுந்து, அசைத்தால்தான் அடங்குகிறதா? முதலாவது தூக்கத்தில் மூச்சடைப்பாக இருக்கலாம். இரண்டாவதற்குப் பின்னால் பல சமயம் இரும்புச்சத்துக் குறைவு இருக்கும். உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் அளவை ரத்தத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் தூக்கம் போகும். ஸ்டீராய்டு மாத்திரைகளும், மூக்கடைப்புக்கான சில மாத்திரைகளும் தூக்கத்தைக் கெடுக்கக்கூடியவை. இவற்றில் எது காரணமாக இருந்தாலும் அமுக்கரா அதைத் தீர்க்காது. தைராய்டு விஷயத்தில் நிலைமையை மோசமாக்கவும் கூடும்.

எதை எடுப்பது என்று எனக்கும் குழப்பம் இருந்தது. மெலடோனின் பெயரைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். அது தூக்க மருந்து என்பதைவிட, இரவாகிவிட்டது என்று உடம்புக்கு அறிவிக்கும் ஹார்மோன் என்பது பொருத்தம். 1958-இல் ஆரன் லெர்னர் என்ற தோல் மருத்துவர் மாட்டின் மூளையில் உள்ள பினியல் சுரப்பியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். இரவு இரண்டு மணிக்குத்தான் தூக்கம் வருகிறது, விட்டால் பத்து மணி வரை நன்றாகத் தூங்குவேன் என்பவருக்கும், நேர மண்டலம் தாண்டிப் பறந்து வந்தவருக்கும் அது உதவும். மூன்று மணி விழிப்புக்கு அதனிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது. 2017-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களின் நாள்பட்ட தூக்கமின்மைக்கு மெலடோனினையும், வலேரியன் என்ற மூலிகை வேரையும் பயன்படுத்த வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. அதற்கான சான்று வலுவானது அல்ல என்பதையும் அதுவே ஒப்புக்கொண்டது. வலேரியன் புட்டியை ஒருமுறை திறந்து முகர்ந்தேன். துவைக்காத காலுறையின் வாடை; மூடி வைத்துவிட்டேன். மெக்னீசியம் குறைபாடு உள்ளவருக்குப் பயன்படலாம், மற்றவருக்கு வயிற்றுப்போக்குதான் மிஞ்சலாம். சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் அதைத் தொடவே கூடாது.

அமுக்கராவுக்குச் சிறிதாவது சான்று இருக்கிறது. 2021-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, ஐந்து சோதனைகளில் பங்கேற்ற 400 பேரின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. தூக்கத்தில் சிறிய அளவு முன்னேற்றம் தெரிந்தது. தூக்கமின்மை உள்ளவர்களிடமும், நாளுக்கு 600 மில்லிகிராமோ அதற்கு மேலோ எட்டு வாரத்துக்குக் குறையாமல் எடுத்தவர்களிடமும் அந்த முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. “சிறிய அளவு” என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடாதீர்கள். முதல் இரவே அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன் என்று யாராவது சொன்னால், அதற்குக் காரணம் மாத்திரை என்று நான் நம்ப மாட்டேன்.

இனி, யார் எடுக்கக் கூடாது என்பது. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் கூடாது. கல்லீரல் நோய், தைராய்டு நோய், தன்னுடல் தாக்கும் நோய்கள் உள்ளவர்களும் கூடாது. ஹார்மோனால் வளரும் புரோஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, தைராய்டு ஆகியவற்றுக்கான மாத்திரைகளோடும், தூக்க மாத்திரைகளோடும், நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளோடும் இது குறுக்கிடலாம். ஏற்கெனவே தூக்க மாத்திரை சாப்பிடுபவர், இதை நம்பி அதைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. சில வகை மாத்திரைகளைச் சட்டென நிறுத்தினால் வலிப்பே வரலாம். அறுவைச் சிகிச்சை இருந்தால் இரண்டு வாரம் முன்பே அமுக்கராவை நிறுத்திவிட வேண்டும்.

கல்லீரலைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் அசுவகந்தா எடுத்த ஐந்து பேருக்கு மஞ்சள் காமாலையும் அரிப்பு முதலிய தொல்லைகளும் வந்ததை 2020-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை பதிவுசெய்தது. எடுக்கத் தொடங்கி இரண்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் அது வந்தது. நிறுத்தியபின் நான்கு பேர் தேறிவிட்டார்கள்; ஐந்தாமவர் பிறகு என்ன ஆனார் என்று ஆய்வாளர்களுக்குத் தெரியவில்லை. டென்மார்க் 2023-இல் இதைத் தடையே செய்துவிட்டது. இதெல்லாம் அரிதாக நேர்வதுதான். என்றாலும் என் மருத்துவர், “எடுப்பதானால் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு எடுங்கள்” என்றார். கல்லீரல், தைராய்டு, ஃபெரிட்டின் மூன்றையும் பார்த்த பிறகுதான் தொடங்கினேன். சிறுநீர் கறுத்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, காரணமில்லாமல் அரிப்பெடுத்தாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

புட்டி வாங்கும் இடத்தில்தான் என் தொழில் கைகொடுத்தது. முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் 600 மி.கி. என்று இருக்கும். பின்பக்கம் திருப்பினால், “ஒரு வேளை அளவு: இரண்டு கேப்ஸ்யூல்” என்று பொடி எழுத்தில் இருக்கும். அப்படியானால் ஒரு கேப்ஸ்யூலில் 300 தான். அடுத்து, அந்த 300 பொடியா, சாறெடுத்த சத்தா என்று பாருங்கள். ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுக்கப்பட்டது வேரின் சத்து. அதோடு வெறும் வேர்ப்பொடியை எடைக்கு எடை ஒப்பிட முடியாது. சத்து என்றால், அமுக்கராவின் முக்கிய வேதிப்பொருளான வித்தனோலைடு எத்தனை சதவீதம் என்று போட்டிருக்க வேண்டும். ஐந்து சதவீதம் என்றால் 300 மில்லிகிராமில் 15 மில்லிகிராம். சதவீதமே போடாத புட்டியை வைத்துவிடுங்கள். வேர் மட்டுமா, இலையும் கலந்ததா என்றும் பாருங்கள். இலை கலந்தால் பொருளே வேறு. “தனியுரிமைக் கலவை” என்று எழுதி ஐந்தாறு மூலிகைகளை அடுக்கியிருந்தால், எதில் எவ்வளவு என்று தெரியாமல் மறைக்கத்தான் அந்தச் சொல். மெலடோனின் சேர்த்ததும் வேண்டாம், ஏனென்றால் எது வேலை செய்தது என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாது.

தொகுதி எண், காலாவதித் தேதி, தயாரிப்பாளர் அல்லாத வேறொரு ஆய்வகம் சோதித்ததற்கான முத்திரை, ஈயம் முதலிய கன உலோகங்களுக்கான சோதனை ஆகியவற்றையும் தேடுங்கள். இது வீண் பயம் இல்லை. கனடாவில் 31 மெலடோனின் தயாரிப்புகளைச் சோதித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், லேபிளில் போட்டதைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் அதிகமாக இருந்ததும் உண்டு. 1989-இல் எல்-டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தைத் தூக்கத்துக்காக வாங்கிச் சாப்பிட்ட அமெரிக்கர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தசையும் ரத்தமும் பாதிக்கப்பட்டு நோயுற்றார்கள், பலர் இறந்தார்கள். தயாரிப்பில் நேர்ந்த கலப்படம்தான் அதற்குக் காரணம் என்று அப்போது கண்டார்கள். அதுவும் இயற்கையான பொருள் என்றுதான் விற்கப்பட்டது.

புட்டி வந்தாலும் உடனே திறக்காதீர்கள். இரண்டு வாரம் எதுவும் எடுக்காமல் தூக்கக் குறிப்பு மட்டும் எழுதுங்கள். பலரும் தவிர்த்துவிடும் படி இது; ஆனால் முழுச் சோதனையும் இதன்மேல்தான் நிற்கிறது. தூக்கம் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை, ஏறும், இறங்கும். பொறுக்க முடியாத வாரத்தில்தான் நாம் மருந்து தேடிப் போகிறோம். அதற்கடுத்த வாரம் மாத்திரை இல்லாமலே சற்றுத் தேவலையாகத்தான் இருக்கும், ஏனென்றால் அதைவிட மோசமாகப் போக அதிகம் இடமில்லை. பெயர் மாத்திரைக்குப் போய்விடும். முன்குறிப்பு கையில் இருந்தால் இந்த ஏமாற்று நடக்காது.

காலையில் எழுந்த அரைமணிக்குள் எழுதிவிட வேண்டும். விளக்கை அணைத்த நேரம், தூக்கம் பிடிக்க ஆன நிமிடங்கள், இடையில் எத்தனை முறை விழிப்பு, மொத்தம் எவ்வளவு நேரம் விழித்திருந்தோம், கடைசியாகக் கண் விழித்த நேரம், படுக்கையை விட்டு எழுந்த நேரம். ஓரத்தில் காபி, மது, பகல் தூக்கம் மூன்றுக்கும் இடம் விடுங்கள். நிமிடக் கணக்கு தோராயமாக இருந்தால் போதும். சரியாக எழுத வேண்டும் என்று இரவில் கடிகாரத்தைப் பார்த்தால் இருக்கிற தூக்கமும் ஓடிவிடும். நான் கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். கைக்கடிகாரக் கருவியை இதற்கு நம்ப வேண்டாம். அசையாமல் விழித்துக் கிடப்பதையும் அது தூக்கம் என்று எழுதிவிடும்.

வார இறுதியில் ஒரு சிறு கணக்கு. பதினொன்றுக்குப் படுத்து ஆறரைக்கு எழுந்தால் படுக்கையில் 450 நிமிடம். அதில் தூங்கியது 315 என்றால் 70 சதவீதம். 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்ல தூக்கம் என்பது பொதுவான கணக்கு. இதோடு தூக்கமின்மைத் தீவிரக் குறியீடு என்ற ஏழு கேள்விப் பட்டியலையும் நிரப்பி வையுங்கள். மொத்த மதிப்பெண் 28. பதினைந்து முதல் இருபத்தொன்று வரை வந்தால் நடுத்தரத் தீவிரம், அதற்கு மேல் கடும் தீவிரம். ஆறு மதிப்பெண்ணாவது குறைந்தால்தான் மாற்றம் என்று சொல்லத் தகும்.

முன்குறிப்பு முடிந்ததும் ஒரு தாளில் மூன்று வரி எழுதித் தேதி போடுங்கள்: எதை எதிர்பார்க்கிறேன், எந்தத் தேதியில் முடிவெடுப்பேன், எது நடந்தால் உடனே நிறுத்துவேன். பிறகு மனம் மாறி “கொஞ்சம் பரவாயில்லைபோல இருக்கிறது” என்று இழுக்க ஆரம்பிக்கும்போது இந்தத் தாள் உதவும்.

எடுப்பதில் பெரிய சூட்சுமம் இல்லை. முதல் வாரம் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 300 மட்டும், ஒத்துக்கொண்டால் காலையும் இரவும் 300. வெறும் வயிற்றில் எடுத்தால் குமட்டும். சிலருக்குப் பகலிலும் மந்தமாக இருக்கும். முதல் சில நாட்கள் வண்டி ஓட்டுவதில் எச்சரிக்கை வேண்டும். மதுவோடு சேர்க்கவே கூடாது. சோதனை நடக்கும் எட்டு வாரமும் மற்றதெல்லாம் பழையபடி இருக்கட்டும். அதே வாரத்தில் காபியை விட்டு, நடைப்பயிற்சி தொடங்கி, மெத்தையும் மாற்றினால் எதற்கு நன்றி சொல்வது?

எட்டு வாரம் முடிந்தால் நிறுத்துங்கள். பலன் இருந்தாலும் நிறுத்துங்கள். குறிப்பை மட்டும் இன்னும் மூன்று வாரம் தொடருங்கள். எனக்குத் தூக்கம் பிடிக்கும் நேரம் நன்றாகவே குறைந்தது. மூன்று மணி விழிப்பு இம்மியும் அசையவில்லை. நிறுத்திய பிறகும் தூக்கம் பிடிக்கும் நேரம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அப்படியானால் அந்த முன்னேற்றத்தை அமுக்கராவின் கணக்கில் எழுத எனக்குக் கை வரவில்லை. நாள்தோறும் குறிப்பு எழுதியதால் படுக்கை நேரம் ஒழுங்கானது காரணமாக இருக்கலாம்; கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் காரணமாக இருக்கலாம். நிறுத்தியதும் தூக்கம் மறுபடி கெட்டு, மீண்டும் தொடங்கியதும் சரியானால் உங்கள் விஷயத்தில் மருந்துக்கு வேலை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று மணி விழிப்பைத் தீர்க்க நான் பிறகு போனது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது அதுதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016-இலேயே சொல்லிவிட்டது. எழும் நேரத்தை மாற்றாமல் வைத்து, படுக்கையில் இருக்கும் நேரத்தைத் தூங்கும் நேரத்துக்கு ஏற்றபடி சுருக்குவார்கள். தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போகச் சொல்வார்கள். முதல் இரண்டு வாரம் மாத்திரையைவிடக் கசப்பு. முதல் சந்திப்பில் அவர்கள் கேட்பதே தூக்கக் குறிப்பைத்தான். என்னுடையது தயாராக இருந்தது.

அமுக்கராவையே தொடர்வதாக இருந்தால், சோதனைகள் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் முடிந்தவை என்பதை நினைவில் வையுங்கள். மூன்றாம் மாதம் கல்லீரல், தைராய்டு பரிசோதனைகளை மறுபடி செய்து, முடிவுகளையும் புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். பெயரை மட்டும் சொன்னால் போதாது. பின்பக்க லேபிளைக் காட்ட வேண்டும்.