யூகாஸ் விண்ணப்பத்தில் பெர்சனல் ஸ்டேட்மென்ட் எழுதுவோர் கவனத்திற்கு

பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புக்கு யூகாஸ் (UCAS) என்ற பொது விண்ணப்ப அமைப்பின் வழியாக விண்ணப்பிப்போர் தம்மைப் பற்றி எழுதும் அறிக்கையான பெர்சனல் ஸ்டேட்மென்ட், 2026 சேர்க்கையிலிருந்து ஒரே நீண்ட கட்டுரையாக இல்லாமல் மூன்று கேள்விகளுக்கான விடைகளாக அமைகிறது; இடைவெளிகளையும் சேர்த்து மொத்த வரம்பு 4,000 எழுத்துகள், ஒவ்வொரு விடைக்கும் குறைந்தது 350. இந்தப் பாடம் ஏன், இதுவரை படித்தது அதற்கு எவ்வாறு உதவியது, வகுப்பறைக்கு வெளியே என்ன செய்தீர்கள் என்பவையே அக்கேள்விகள்.

சிறுவயது முதலே ஆர்வம் என்று தொடங்குவதைத் தயவுசெய்து தவிருங்கள். படித்த ஒரு நூலோ செய்து பார்த்த ஒரு சோதனையோ உங்களுக்குள் எழுப்பிய ஐயத்தையும், அதைத் தீர்த்துக்கொள்ள நீங்கள் அடுத்து மேற்கொண்ட முயற்சியையும் விரிவாக எழுதினால், சேர்க்கைக் குழுவினருக்கு உங்கள் சிந்தனை நேரடியாகப் புலப்படும். தேர்ந்தெடுக்கும் எல்லா இடங்களுக்கும் இதே அறிக்கை செல்வதால், எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் குறிப்பிட வேண்டாம்.