பள்ளிப் பதிவேடுகளைப் பராமரித்தலும் கழித்தலும்: வேலூர் மாவட்டப் பள்ளி அலுவலகங்களுக்கு ஒரு வழிகாட்டி

பதிவேட்டு அறையை ஒழுங்குபடுத்த முனைவோர் பலர் முதலில் பீரோவைத் திறக்கின்றனர். அதற்கு முன், அந்தப் பள்ளிக்கு யார், எதற்காக, எத்தனை ஆண்டுகள் கழித்து வருவார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ்வழியில் பயின்றோருக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சான்று கோருபவர், இன்று முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்ததை மெய்ப்பிக்க வேண்டியுள்ளது. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு கோரும் மாணவருக்கு, 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று தேவை. 2023 அக்டோபர் 1-க்கு முன் பிறந்து, பிறப்புச் சான்றிதழ் பெறாமல் விட்டவர்களுக்குப் பள்ளி ஆவணமே பிறந்த தேதியின் சான்றாக நிற்கிறது. இவர்கள் அனைவருக்கும் விடை சொல்வது சேர்க்கைப் பதிவேடு. ஆகவே, பள்ளியில் ஒரே ஒரு பூட்டுள்ள இரும்பு பீரோதான் இருக்கிறதென்றால், அதில் முதலில் வைக்க வேண்டியது சேர்க்கைப் பதிவேடே.

சேர்க்கைப் பதிவேட்டில் எந்தக் கட்டமும் வெறுமையாக இருத்தல் கூடாது. குறிப்பாகப் பயிற்று மொழி, தாய்மொழி, இனம் ஆகிய மூன்றையும் அன்றே நிரப்ப வேண்டும். தமிழ்வழியும் உருதுவழியும் அருகருகே இயங்கும் பேரணாம்பட்டு போன்ற ஊர்களில் ‘பயிற்று மொழி’ விடுபட்டால், பின்னாளில் அதை ஊகித்து எழுத எவருக்கும் அதிகாரமில்லை. பிழை நேர்ந்தால் வெள்ளை மை பூசுவதோ எழுத்தின் மேல் எழுதுவதோ தவறு. பழைய பதிவு படிக்கும்படி ஒற்றைக் கோட்டால் அடித்து, திருத்தத்தை அருகில் எழுதி, உரிய அலுவலரின் ஆணை எண்ணையும் நாளையும் குறித்து, தலைமையாசிரியர் சுருக்கொப்பமிட வேண்டும்.

பழைய பதிவேடுகளின் முகப்பில் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்றே இருக்கும். 1989-இல் திருவண்ணாமலைப் பகுதி பிரிந்தது. 2019 நவம்பரில் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. இதை எண்ணி முகப்பையோ உள்பதிவையோ இன்றைய பெயருக்கு மாற்றி எழுதும் ஆர்வம் சிலருக்கு எழுகிறது. அதை அடக்கிக்கொள்வது நல்லது. பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்னும் மலைவாழ் இனத்தவருக்குரிய (கேரளத்தவர் அல்லர்) பதிவு மாவட்டங்களைப் பெயர் சுட்டியே குறிப்பிடுகிறது; வட ஆற்காடு அவற்றுள் ஒன்று. அணைக்கட்டு ஒன்றியத்தின் பீஞ்சமந்தை போன்ற மலைக் கிராமத்துக் குடும்பம் ஒன்று தாத்தாவின் பள்ளிப் பதிவைத் தேடி வரும்போது, மாற்றப்படாத அந்தத் தலைப்பும் சான்றின் ஒரு பகுதியாகிறது. புதிய மாவட்டப் பெயரை வெளி அட்டையில் தனித் தாள் ஒட்டிக் குறித்தால் போதும்.

மற்றக் கோப்புகளுக்கு, முடிவெடுக்கும் அன்றே எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்ற வகையைக் குறிப்பதுதான் பாதி வேலை. ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு, நி.மு. என்றால் நிரந்தரம் என்ற பழைய அலுவலக வழக்கம் எளிமையானது. ஆனால் வகை குறிக்காமல் ‘ந.க.’ என்ற நடப்பு எண்ணோடு அப்படியே கிடக்கும் கோப்புதான் எல்லா அலுவலகங்களிலும் இடத்தை அடைக்கிறது. பணிப்பதிவேடு, கட்டட மற்றும் நிலம் தொடர்பான ஆவணங்கள் ஆகியவற்றை இவற்றோடு கலக்காமல் தனியே வைக்க வேண்டும். ஒவ்வோர் அடுக்குக்கும் ஓர் எண், அதிலுள்ளவற்றுக்கு ஒரு பட்டியல், அந்தப் பட்டியலின் படி ஒன்று தலைமையாசிரியர் மேசையில். பதிவேடுகளை அட்டவணைப்படுத்திப் பராமரிக்க வேண்டும் என்பது 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு விதிக்கும் கடமையாகும். தகவலை மறுக்க அச்சட்டம் தரும் விலக்குகளுள் ‘கோப்பு காணவில்லை’ என்பது இடம்பெறவில்லை. 30 நாள்களுக்குள் விடை தரத் தவறினால், நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை பொதுத் தகவல் அலுவலர் மீது தண்டம் விதிக்கப்படலாம். அதற்காக, கேட்டவருக்கெல்லாம் மாணவரின் முகவரியையும் இனத்தையும் படியெடுத்துக் கொடுத்துவிடவும் கூடாது. அவை பிறருடைய சொந்த விவரங்கள்.

வேலூரின் வெயில் தாளை நொறுங்க வைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை அதை ஊற வைக்கிறது. 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்ததைக் கண்டவர்கள், தரையில் கட்டுக் கட்டாகப் பதிவேடுகளை அடுக்கத் துணிய மாட்டார்கள். கீழ்த்தட்டு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலாவது இருக்கட்டும். பீரோவைச் சுவரை ஒட்டி நிறுத்தினால் கரையான் பின்புறமாக ஏறும் என்பதால் இடைவெளி விட வேண்டும். குண்டூசியைக் கழற்றிவிட்டுப் பருத்தி நாடாவால் கட்டலாம். துருப்பிடித்த ஊசி தன்னைச் சுற்றிலும் பழுப்பு வளையமிட்டுத் தாளை அரித்துவிடும். கிழிந்த பக்கத்தில் செல்லோ டேப் ஒட்டுவது இன்னும் கேடு: பசை மஞ்சளாகி, எழுத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். லேமினேஷனும் வேண்டாம்.

மிகப் பழைய சேர்க்கைப் பதிவேடுகளை ஸ்கேன் செய்து, பதிவேட்டின் தொடக்க, முடிவுச் சேர்க்கை எண்களையே கோப்புப் பெயராக இட்டு, இரண்டு இடங்களில் சேமிப்பது நல்லது. மாணவர் விவரங்களைப் பதியும் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் விவரம் ஏறிவிட்டது என்பதற்காகத் தாள் பதிவேட்டைக் கைவிடலாகாது. எமிஸ் வருவதற்கு முன் படித்து முடித்தவர்கள் அதில் இல்லை. அருகிலுள்ள பள்ளி இணைக்கப்பட்டாலோ மூடப்பட்டாலோ, அதன் பதிவேடுகளைக் கையொப்பமிட்ட பட்டியலுடன் பெற்று, அந்தப் பள்ளியின் பெயரிலேயே தனி அடுக்காக வைத்திருக்க வேண்டும்.

காலம் முடிந்தவற்றைக் கழிக்கும்போது, ஒவ்வொரு கோப்பின் எண், பொருள், வகை, ஆண்டு ஆகியவற்றைப் பட்டியலிட்டு, உரிய மேலலுவலரின் எழுத்துமூல ஒப்புதலைப் பெற்ற பின்னரே கழிக்க வேண்டும். தணிக்கைத் தடை (தணிக்கையில் எழுந்த ஆட்சேபம்) நிலுவையிலுள்ள ரொக்கப் பதிவேடு, நீதிமன்ற வழக்கோடு தொடர்புடைய கோப்பு, தகவல் கோரி மனு வந்துள்ள கோப்பு ஆகியவற்றை, காலம் முடிந்திருந்தாலும், கழித்தல் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும். பெயரும் மதிப்பெண்ணும் உள்ள தாள்களைப் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போடாமல், இரு பணியாளர் முன்னிலையில் துண்டு துண்டாக்கி, அவர்களின் கையொப்பத்தைப் பெற வேண்டும். கழித்தல் பட்டியலையும் ஒப்புதல் ஆணையையும் நி.மு. வகையில் சேர்த்துவிடுங்கள், தலைமையாசிரியர் மாறும்போது பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் முதலில் சரிபார்க்கப்படுபவை அவையாக இருக்கட்டும்.