நீலப் புகையா? எஞ்சினைப் பிரிக்கும் முன் பாருங்கள்

நான்கு ஸ்ட்ரோக் பைக்கில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று வந்து சற்று நேரத்தில் நின்றுவிட்டால், பெரும்பாலும் வால்வு சீல் தேய்ந்திருக்கும்; இரவில் ஆயில் வால்வுத் தண்டு வழியே கசிந்து இறங்கியிருக்கும். ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போதும் மேடு ஏறும்போதும் விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங்கை (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) சந்தேகப்படுங்கள்.

உறுதிசெய்ய, கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கருவி) வைத்து அளவு எடுங்கள். பிறகு ஸ்பார்க் பிளக் துளையில் 5 மில்லி எஞ்சின் ஆயில் விட்டு, நாலைந்து முறை கிக்கரை மிதித்து மறுபடி எடுங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் தேய்மானம். குறைவாகவே நின்றால் வால்வைப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனை இல்லாமல் ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) செய்ய ஒத்துக்கொள்ளவே வேண்டாம்.

கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது: சோக் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புகிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேஸ்கெட் மாற்றியும் ஆயில் கசிகிறதா? பிரீதர் குழாயை (எஞ்சினுக்குள் சேரும் காற்றழுத்தத்தை வெளியே விடும் குழாய்) கழற்றி ஊதிப் பாருங்கள். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயிலை இடுக்கு வழியே வெளியே தள்ளும். பலர் மறந்துவிடும் இடம் இது.

பத்து நிமிடம் ஓடி நின்றுபோகும் வண்டியில் டேங்க் மூடியைத் திறங்கள். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, வண்டி மறுபடி ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அப்படி இல்லையென்றால், சூடாக இருக்கும்போதே ஸ்பார்க் வருகிறதா என்று பாருங்கள்; சூட்டில் மறைந்து, ஆறியதும் திரும்பினால் முதலில் இக்னிஷன் காயிலைச் சோதியுங்கள்.