கூத்துக் கலைக்கு உதவ வரும் அறங்காவலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மயிலாப்பூரில் எங்கள் அறக்கட்டளைக் கூட்டம் நடந்தது. புதிதாகச் சேர்ந்த இரண்டு அறங்காவலர்கள், செய்யாறு பக்கத்துக் கூத்து ஜமா (ஆட்டக் குழு) ஒன்றைச் சென்னைக்கு அழைக்கும் திட்டத்தை உற்சாகமாக விளக்கினார்கள். தேதி மார்ச் 28. 15 ஆண்டுகளுக்கு முன்பு நான் குறித்ததும் அதே வாரம்தான். இந்த முறை தடுத்துவிட்டேன், ஆனால் வீடு திரும்பியும் மனம் ஆறவில்லை. கணக்கு எழுதுங்கள், கூட்டத்துக்கு வாருங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். கீழே சொல்லும் தவறுகள் அப்படியல்ல.

கேட்காமல் தேதி வைப்பது

வட மாவட்டங்களில் தெருக்கூத்துக்குப் பங்குனி முதல் ஆடி வரைதான் அறுவடைக் காலம். திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்வார். இரவு தொடங்கும் கூத்து விடியும்வரை நடக்கும். பத்து இரவுகளோ அதற்கு மேலோ ஒரே ஜமா ஆடும். கடைசி நாள் படுகளத்தில், மண்ணால் செய்த துரியோதனனின் பேருருவத்தைப் பீமன் தொடையில் அடித்து வீழ்த்துவான். பிறகு தீமிதி. கலைஞர்களின் ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி இந்த மாதங்களில்தான் வருகிறது.

சென்னையில் நமக்கு வேறு கணக்கு. மார்ச் 31-இல் நிதியாண்டு முடிகிறது. நிதி கொடுத்தவர்கள் அதற்குள் செலவுக் கணக்குக் கேட்கிறார்கள். மார்ச் நடுவிலேயே பங்குனி பிறந்துவிடுவது எனக்கு உறைக்கவில்லை.

15 ஆண்டுகளுக்கு முன்பு, ஜமாவை நடத்தும் வாத்தியாரைத் தொலைபேசியில் அழைத்துத் தேதியைச் சொன்னேன். சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "சரிங்க ஐயா, வந்துவிடுகிறோம்" என்றார். வந்தவாசிப் பக்கத்து ஊர் ஒன்றில் அதே நாட்களுக்குத் தாம்பூலம் வாங்கியிருந்ததை, அதாவது ஆட ஒப்புக்கொண்டிருந்ததை, அவர் சொல்லவில்லை. ஜமாப் பிள்ளைகளின் படிப்புக்கு நாங்கள் உதவிக்கொண்டிருந்தோம். அவர் எப்படி மறுப்பார்? அந்த மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டது என் தவறு.

தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, ஒன்றரை மணி நேரம் ஆடிவிட்டுப் போனார்கள். ஊதியக் காசோலை ஆறு வாரம் கழித்துத்தான் போனது. அந்த ஊர் வேறு ஜமாவை அழைத்தது. மறு ஆண்டும் அவர்களையே அழைத்தது. வாத்தியாரின் தந்தை காலத்திலிருந்து ஆடிவந்த ஊர் கைவிட்டுப் போய்விட்டது. பின்பாட்டுக்காரர் ஒருவர் இரண்டு ஆண்டுகள் கழித்துப் பேச்சுவாக்கில் சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது. அதற்குள் எங்கள் ஆண்டறிக்கையில் அந்த நிகழ்ச்சி சாதனை என்று அச்சாகியிருந்தது. அந்தப் பக்கத்தை இன்றும் என்னால் பொறுமையோடு பார்க்க முடியவில்லை.

ஆகவே தேதியைச் சொல்லாதீர்கள். எந்தெந்த ஊரில் தாம்பூலம் வாங்கியிருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். நிகழ்ச்சியை ஐப்பசி, கார்த்திகைக்குத் தள்ள நிதி கொடுப்பவரிடம் முன்பே எழுத்தில் அனுமதி பெறுங்கள். திறந்தவெளிக் கூத்து குறைந்திருக்கும் மழை மாதங்கள் அவை. சென்னை அரங்குக்குள் மழை ஒரு தடையில்லை. முன்பணத்தை வண்டி ஏறும் முன்பும், மீதியை ஆடி முடித்த அன்றும் கொடுங்கள்.

ரொக்க நன்கொடை

2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடையாது.

வெளிநாட்டு உறவினர் பணம்

அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட அண்ணன் அனுப்புவது சட்டப்படி வெளிநாட்டுப் பங்களிப்பு. உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும், 2020 திருத்தத்துக்குப் பிறகு பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் அது வந்து சேர வேண்டும். இந்தியக் குடிமகனாகவே இருக்கும் தம்பி துபாயிலிருந்து தன் சேமிப்பை வங்கி வழியே அனுப்பினால் இந்தச் சிக்கல் இல்லை. குடியுரிமை என்னவென்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

கூத்தைத் திருத்துவது

கூத்தில் கதையை அறிமுகப்படுத்தி நகைச்சுவையும் செய்யும் கட்டியங்காரன் என்ன பேச வேண்டும் என்று முடிவு செய்வது நம் வேலையல்ல.

கலைஞர் இல்லாத குழு

அந்த மார்ச் நிகழ்ச்சியின்போது எங்கள் அறங்காவலர் குழுவில் ஏழு பேர். ஏழு பேரும் சென்னைவாசிகள். ஒரு கலைஞர் இருந்திருந்தால் பங்குனி என்ற ஒரு சொல்லிலேயே என்னை நிறுத்தியிருப்பார். இப்போது இருவர் இருக்கிறார்கள். அவர்களுடைய ஜமாவுக்கு ஊதியம் முடிவு செய்யும்போது அவர்கள் வெளியே இருப்பார்கள். அதைக் கூட்டக் குறிப்பிலும் பதிகிறோம். அறங்காவலருக்கோ அவர் உறவினருக்கோ நியாயமான அளவுக்கு மேல் பலன் போனால் வருமானவரிச் சலுகைக்கே ஆபத்து.

தை மாதக் கூட்டத்தைச் செய்யாற்றில் நடத்துகிறோம். வாத்தியார் தம் நோட்டைப் பிரித்து ஊர்களையும் நாட்களையும் வாசித்து முடித்த பிறகுதான் நாங்கள் எங்கள் டைரியைத் திறக்கிறோம்.