மாட்டுக்கும் ஆட்டுக்கும் நினைவு உண்டு: கொட்டகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கறக்கும்போது மாடு உதைத்தால் ரெண்டு அடி போட்டு அடக்குவது பல கொட்டகைகளில் நடக்கிறது. அந்த வேளைக்கு மாடு நின்றுவிடும், சரி. ஆனால் அடித்தவர் யார் என்பது அதன் நினைவில் இருக்கும். பால் இறங்க ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரக்க வேண்டும்; பயம் வந்தால் சுரக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோன் அதன் வேலையைத் தடுத்துவிடும். 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், முன்பு முரட்டுத்தனமாக நடத்திய ஆள் கறவையின்போது பக்கத்தில் சும்மா நின்றதற்கே, கறந்து முடித்த பிறகும் மடியில் தங்கிய பால் 70 சதவீதம் கூடியது.

இப்படிப் பாலை அடக்குகிற மாட்டுக்கு ஊசி போட்டுக் கறப்பது இன்னும் மோசமான தவறு. பாலுக்காக மாட்டின் உடம்பைக் கெடுக்கும் ஊசி போடுவது, 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி குற்றமும்கூட. முதலில் மடிநோய் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், எதற்குப் பயப்படுகிறது என்று தேடுங்கள். கறக்கிற ஆள் மாறினாரா? கறக்கும் இடத்திலேயே கட்டிவைத்துச் சிகிச்சை செய்தீர்களா? மாடு ஆளை மட்டுமல்ல, இடத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளும். அதனால் தடுப்பூசி, காதுவில்லை போன்றவற்றை வேறு இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது. மாட்டைப் பிடிப்பவரும் கறக்காத ஒருவராக இருக்கட்டும்.

கன்றைத் தனியாகக் கட்டி வளர்ப்பதும் தவறுதான். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், எந்த நிறத்தைக் கண்டால் பால் கிடைக்கும் என்று கன்றுகளுக்குப் பழக்கி, பிறகு அந்த நிறத்தை மாற்றினார்கள். ஜோடியாக வளர்ந்தவை சீக்கிரம் மாறிக்கொண்டன. தனியாக வளர்ந்தவை திணறின. புதுத் தீவனம், புதுக் கொட்டகை, முதல் கறவை என்று மாட்டின் வாழ்க்கையில் மாற்றத்துக்குக் குறைவே இல்லை. இரண்டு கன்று இருந்தால் சேர்த்தே விடுங்கள்.

செம்மறிக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பவர்கள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கீத் கென்ட்ரிக் என்ற விஞ்ஞானியின் குழு செய்த ஆய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும். 50 ஆடுகளின் முகங்களை செம்மறி 2 வருடம் வரை நினைவில் வைத்திருந்தது. அதனால் நோய்க்காக ஒன்றைப் பிரிக்கும்போது, தொற்று இல்லையென்றால் பழகிய ஆடு ஒன்றைத் துணைக்கு விடுங்கள். தொற்று என்றால், கூட்டம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலாவது கட்டுங்கள்.

கத்தவில்லை, அதனால் வலி இல்லை என்று நினைப்பதைத்தான் மிகக் கொடுமையான தவறு என்பேன். வேட்டைக்கு இரையாகும் விலங்குகள் வலியை வெளிக்காட்டாது. முகத்தைப் பாருங்கள். கண் பாதி மூடியிருக்கிறதா? காது தொங்கியோ பின்னால் திரும்பியோ இருக்கிறதா? கன்னம் இறுகியிருக்கிறதா? அப்படி இருந்தால் அன்றைக்கே குளம்பையும் மடியையும் தொட்டுப் பார்த்து, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.