தலைக்கனத்தை ஆங்கிலத்தில் சொல்லும் விதம்

நாகர்கோவிலில் மாலை வேளையில் என்னிடம் ஆங்கிலம் கற்கும் மாணவி ஒருவர், ஊர்க் கைப்பந்து அணிக்குத் தலைவரானதும் பழைய நண்பர்களையே மதிக்காமல் போன ஓர் இளைஞனைப் பற்றி எழுதும்போது, ‘தலைக்கனம்’ என்பதை அப்படியே பெயர்த்து ‘ஹிஸ் ஹெட் இஸ் ஹெவி’ என்று எழுதியிருந்தார். இதைப் படிக்கும் ஆங்கிலேயர், அவனுக்கு உடல்நலமில்லாமல் தலை பாரமாக இருக்கிறது என்றே எண்ணுவார்.

அங்கே கச்சிதமாகப் பொருந்துவது ‘டூ பிக் ஃபார் ஹிஸ் பூட்ஸ்’ என்னும் பேச்சுவழக்குத் தொடர். தன் பூட்ஸுக்குள் கால் அடங்காத அளவுக்குத் தன்னைப் பெரியவனாக நினைத்துக்கொள்கிறான் என்பது அதன் உட்கருத்து. பிறவிச் செருக்கைக் காட்டிலும், அண்மையில் கிடைத்த பதவியோ பணமோ பாராட்டோ தலைக்கேறியவர்களுக்கே இது மிகவும் பொருந்தும் என்பதால், ‘அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கு இது மிக நெருக்கமானது என்பது என் கருத்து.

‘ஹி இஸ் கெட்டிங் டூ பிக் ஃபார் ஹிஸ் பூட்ஸ்’ என்றால், அவன் வரவர அப்படி ஆகிவருகிறான் என்று பொருள். பெண்ணைக் குறிக்கும்போது ‘ஹிஸ்’ என்பது ‘ஹெர்’ என்றும், பலரைக் குறிக்கும்போது ‘தேர்’ என்றும் மாறும். அமெரிக்கர்கள் பெரும்பாலும் பூட்ஸுக்குப் பதிலாகக் கால்சட்டையைக் குறிக்கும் ‘பிரிட்சஸ்’ என்ற சொல்லை வைத்துச் சொல்வார்கள். அலுவலகக் கடிதத்திலும் தேர்வுக் கட்டுரையிலும் இதைத் தவிர்த்து, ‘அரகன்ட்’ என்றே எழுதுங்கள்.