எவரெஸ்ட் பார்க்கப் பிளேன் ஏறுமுன்: நம்மவர் விடும் பிழைகள்

மார்கழி லீவில் நேபாளத்துப் பசுபதிநாதரைக் கும்பிடப் போகும் எங்கள் ஊர்க் கூட்டங்களின் பயணத் தாளில் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: ‘கடைசி நாள் காலை எவரெஸ்ட் விமானம், பகல் ஊர் திரும்புதல்.’ காத்மண்டுவில் ஏறி, எவரெஸ்டை யன்னலால் பார்த்துவிட்டு அங்கேயே வந்து இறங்கும் பறப்பு அது. பிழையே அந்த வரியில்தான் இருக்கிறது. மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து பதினொரு பேராக நாங்களும் அப்படி ஒரு தாளை நம்பித்தான் போனோம்.

விடிய ஐந்தரைக்கே காத்மண்டு விமான நிலையத்தில் நின்றோம். ஆறரைக்குப் பிளேன் என்றார்கள். ஏழு, எட்டு, ஒன்பது என்று அறிவிப்புப் பலகையில் நேரம் மாறியதே தவிர வேறொன்றும் அசையவில்லை. யன்னலுக்கு வெளியே பால் ஊற்றியது போல ஒரே வெள்ளை. பத்தரைக்கு எங்களைக் கூப்பிட்டபோது, ஒரு மணிக்கு ஊருக்குப் புறப்படும் விமானத்தில் ஏற வேண்டியிருந்தது. ஆறு பேர் துணிந்து போனார்கள். ஐந்து பேர் பெட்டியும் கையுமாகச் சர்வதேச முனையத்துக்கு நடந்தோம். அந்த ஐந்தில் நானும் ஒருவன்.

இது யாருடைய குற்றமும் இல்லை. காத்மண்டு ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தில், சுற்றிவர மலை சூழ்ந்த கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கு. டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர்ந்த காற்று அடியில் தங்கிவிட, அதற்கு மேலே சூடான காற்று மூடிபோல உட்கார்ந்துகொள்கிறது. உள்ளே அகப்பட்ட ஈரம் பனிமூட்டமாகி, வெயில் ஏறும் வரை கலையாமல் நிற்கும். வேடிக்கை என்னவென்றால், அதே நேரத்தில் மேலே மலைப்பக்கம் வானம் கழுவிவிட்டது போல இருக்கும். ஓடுபாதைதான் கண்ணுக்குத் தெரியாது.

அதற்காகப் பிந்திய பிளேனுக்குப் பதியலாம் என்று நினைத்தால் அது அடுத்த பிழை. வெயில் ஏற ஏற மலைச்சரிவுகளில் முகில் கட்டத் தொடங்கும். காலையில் முதல் பிளேனுக்கே பதியுங்கள். அதைக் காத்மண்டுவில் உங்கள் முதல் முழு நாளில் வையுங்கள், அன்று மத்தியானம் வரை வேறு வேலை வைக்காதீர்கள். அன்று நடக்காவிட்டால் அடுத்த நாள், அதுவும் இல்லாவிட்டால் அதற்கடுத்த நாள் கையில் இருக்கும். பசுபதிநாதர் கோயில் விமான நிலையத்துக்குக் கிட்டவே இருக்கிறது. பிளேன் ரத்தானால் நேரே அங்கே போகலாம். கோயில் எங்கேயும் பறந்துவிடாது.

பனிமூட்டம் அங்கே என்றால், வெள்ளம் இங்கே. நேபாளத்துக்கு டிசம்பர் மழையில்லாத மாதம், நமக்கோ அடை மாரி. வழியிலுள்ள மன்னம்பிட்டிப் பக்கம் தண்ணீர் பாய்ந்தால் கொழும்புப் பாதை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. இரவு பஸ் ஏறி விடியக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கும் வழமையான கணக்கு அந்த மாதத்துக்குச் சரிவராது. ஒரு நாள் முந்தியே கொழும்பில் நில்லுங்கள்.

காசு விஷயத்துக்கு வருவோம். நேபாளத்தின் உள்நாட்டு விமானங்களில் நேபாளியருக்கு ஒரு கட்டணம், இந்தியருக்கு ஒன்று, மற்ற வெளிநாட்டவருக்கு டொலரில் வேறொன்று. தமிழ்நாட்டு முகவர்களின் விளம்பரத்தில் வரும் விலை இந்தியக் கடவுச்சீட்டுக்கான விலை. தமிழில் இருக்கிறதே என்று அதை நம்பிக் காசு சேர்த்துப் போனவர்கள் உண்டு. விசாவில் மட்டும் நமக்கு லாபம்: இலங்கையும் அடங்கும் தெற்காசியக் கூட்டமைப்பான சார்க் நாட்டவருக்கு வருடத்தின் முதல் வருகையில் 30 நாளுக்குக் கட்டணம் இல்லை. இன்னொன்றையும் பதியும்போதே கேட்டு வையுங்கள். பிளேன் ரத்தானால் காசு திரும்புமா, அடுத்த நாளுக்கு மாற்றுவார்களா, முகவர் ஊடாகப் பதிந்தால் யார் திருப்பித் தருவது? பறந்த பிறகு முகில் மறைத்தது என்றால் காசு திரும்பும் என்று நம்பியிராதீர்கள்.

ஹெலிகொப்டர் பயணத்தையும் இதையும் குழப்பிக்கொள்கிறவர்கள் பலர். ஹெலிகொப்டர் எவரெஸ்டுக்குக் கிட்ட, 5,500 மீற்றருக்கு மேலுள்ள காலா பத்தர் என்ற மேடு வரை போய் இறங்கும். விலை பல மடங்கு, மூச்சும் முட்டும். பிளேன் எங்கும் இறங்காது. காத்மண்டுவில் ஏறி, ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் பறந்து, காத்மண்டுவிலேயே இறக்கிவிடும். உள்ளே காற்றழுத்தம் சீராக இருப்பதால் மலைநோய்க் குளிசை தேவையில்லை. கம்பளிச் சட்டை தேவை, அதுவும் விமான நிலையத்தில் காத்திருக்கத்தான்.

மணிக்கூட்டை மாற்றாமல் விடுவதும் நடக்கிறது. நேபாளம் நம்மைவிடக் கால் மணித்தியாலம் முந்தியது. ஒரு மணித்தியாலம் என்றால் ஞாபகம் வரும், பதினைந்து நிமிடத்தை யார் நினைக்கிறார்கள்? வாடகைக் கார்ச் சாரதியிடம் உள்நாட்டு முனையம் என்று தெளிவாகச் சொல்லுங்கள், அது வேறு கட்டடம்.

பிந்துகிறது என்று கவுண்டரில் சண்டை பிடிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். 2011 செப்டெம்பர் 25 அன்று, மழைக்காலம் முடிந்தும் முடியாத முகிலில், எவரெஸ்ட் பார்த்துத் திரும்பிய சிறு விமானம் ஒன்று காத்மண்டுவை நெருங்கும்போது குன்றில் மோதியது. 19 பேரும் இறந்தார்கள். அதில் திருச்சியிலிருந்து சுற்றுலா வந்த எட்டுப் பேர். நேபாள விமான நிறுவனங்களை ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் தடைப் பட்டியலில் சேர்த்தது. போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, நானே இரண்டாம் முறையும் போனேன். விமானி ‘இப்போது முடியாது’ என்றால் அதை நல்ல செய்தியாக எடுங்கள். பயணக் காப்புறுதியில் இந்தப் பறப்பு அடங்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடப்பக்க இருக்கைக்கு முண்டியடிக்கவும் தேவையில்லை. கிழக்கே போகும்போது மலை இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம். இந்தப் பறப்புகளில் யன்னலோர இருக்கைகளையே விற்பார்கள். ஏடீஆர் (ATR) என்ற சுழலி விமான வகை என்றால் இறக்கை மேலே இருக்கும், ஆனால் இயந்திரமும் சுழலியும் நடு வரிசைகளின் பார்வையை வெட்டும். பின் வரிசைகளைக் கேளுங்கள்.

ஏறியபின் விடும் பெரிய பிழை, மிக உயரமாகத் தெரிவதை எவரெஸ்ட் என்று நினைப்பது. கிட்ட நிற்கும் மலைதான் பெரிதாகத் தெரியும். பிளேன் சிகரத்துக்கு மேலால் போவதில்லை, தள்ளி நின்றே காட்டும். நுப்சே, லோட்சே என்ற வெள்ளை மதிலுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் கறுத்த முக்கோணம்தான் 8,848.86 மீற்றர் எவரெஸ்ட். காற்று அடித்துப் பனி ஒட்டாததால் அந்தக் கறுப்பு. உச்சியிலிருந்து புகை போல வெண்பனி ஒருபக்கம் இழுபடும்.

இரண்டாம் முறை பெரியம்மாவும் வந்தா. எவரெஸ்டுக்கு முந்தியே இரட்டைச் சிகரமாக வரும் கௌரிசங்கரைக் காட்டி, “சிவனும் பார்வதியும்” என்றேன். கையெடுத்துக் கும்பிட்டவ, எவரெஸ்ட் வந்தபோது ஒருதரம் பார்த்துவிட்டு, “இதுக்கா மனே இவ்வளவு காசு?” என்று கேட்டா.

படம் எடுக்கிறவர்கள் பிளாஷை அணைத்து, போனை யன்னலில் முட்டாமல் கிட்டப் பிடியுங்கள். முட்டினால் பிளேனின் நடுக்கம் படத்தில் ஏறும். கறுப்பு உடுப்புப் போடுங்கள். என்னுடைய எவரெஸ்ட் படங்கள் எல்லாவற்றிலும் மலைக்கு நடுவில் என் வெள்ளைச் சேர்ட்டும் அதன் மூன்று பொத்தான்களும் தெளிவாகத் தெரிகின்றன.